ஊரும் பேரும் இல்லாத கட்டுரைகள்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலத் தேர்வு எழுதியவர்களுக்கு இது நினைவிருக்கும். கொசுத் தொல்லை பற்றி நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கேள்வி வரும். அனுப்புநர் பகுதியில் பெயருக்கு மூன்று எக்ஸ், ஊருக்கு மூன்று ஒய். விடைத்தாளில் அடையாளம் தெரியக்கூடாது என்பது தேர்வு விதி, அதில் தவறில்லை. ஆனால் ஆங்கில ஆசிரியர்களாகிய நாங்கள் அந்த விதியை ஜூன் மாதமே வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட எக்ஸ் என்றே கையெழுத்துப் போடப் பழகியது. எந்தத் தெருவில் கொசு, சாக்கடை எவ்வளவு நாளாக அடைத்துக் கிடக்கிறது, யார் வீட்டில் காய்ச்சல் என்று எதுவும் அந்தக் கடிதத்தில் இராது. இருந்திருந்தாலும் நாங்கள் படித்திருக்க மாட்டோம். தேதி இருக்கிறதா, விளி இருக்கிறதா, உறையின் மேல் முகவரி இருக்கிறதா என்று பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் கூட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனோம்.

‘பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை’ என்று ஆசிரியர் அறையில் நாங்கள் சொல்லாத நாளில்லை. அரசுப் பள்ளியிலும் சொன்னோம், கட்டணம் வாங்கும் மெட்ரிக் பள்ளியிலும் சொன்னோம். வரவில்லை என்பது உண்மைதான். கட்டுரை எழுத வராததற்கும் அதையே காரணமாகக் காட்டியது எங்களுக்கு வசதியாக இருந்தது. ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்ததைத் தன் போக்கில் சொல்லவும், தான் நம்புவதற்காக வாதாடவும் நாங்கள் ஒரு பாடவேளையை மனதார ஒதுக்கியதில்லை. ஒதுக்கியதாகக் கணக்குக் காட்டினோம். அந்தக் கணக்கைத்தான் இப்போது பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

கணக்கு எழுதிய இடம் காம்போசிஷன் நோட்டு. காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, முதல் பக்கத்தில் பொருளடக்கம், தேதி, ஆசிரியர் கையெழுத்து என்று கட்டம் கட்டிய நோட்டு. கட்டுரை நாளன்று கைடிலிருந்தோ போன வருட நோட்டிலிருந்தோ நாங்கள் கரும்பலகையில் எழுதிப் போடுவோம். பிள்ளைகள் ரஃப் நோட்டில் இறக்கிக்கொண்டு, வீட்டில் அழகான கையெழுத்தில் மாற்றி எழுதி வருவார்கள். வகுப்பில் 45 பேர் என்றால் 45 நோட்டிலும் ஒரே கட்டுரை. பலகையில் நாங்கள் ஓர் எழுத்தை விட்டிருந்தால் 45 நோட்டிலும் அந்த எழுத்து விட்டுப்போயிருக்கும். பார்த்து எழுதியதில் பிள்ளை விட்ட பிழையைச் சிவப்பு மையால் சுழித்தோம். கட்டுரை திருத்துவது என்று நாங்கள் சொன்னது இதைத்தான். ஆண்டாய்வுக்கு வரும் அதிகாரி, எண்ணிக்கை சரியா, கையெழுத்து விழுந்திருக்கிறதா, பிழைத்திருத்தம் எழுத வைத்திருக்கிறோமா என்று புரட்டிப் பார்ப்பார். ஒரு வகுப்பே எப்படி ஒரே வாக்கியத்தில் ஊட்டியைக் கண்டு வியந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவரும் ஆசிரியராக இருந்து போனவர்தானே.

மலைவாசஸ்தலத்துக்கு ஒரு பயணம், ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம், தீப்பிடித்த வீடு, ஒரு நாணயத்தின் சுயசரிதை, நான் பிரதமரானால். கைடுகளில் இந்தத் தலைப்புகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. மாவட்ட எல்லையைத் தாண்டாத பிள்ளை, தாவரவியல் பூங்காவில் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டதாக எழுதியது. மீன் ஏலத்தில் விலை எப்படி ஏறும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கும். கோயில் கொடைக்கு வரி பிரித்ததில் எந்த இரண்டு வீடு பேசிக்கொள்வதில்லை என்றும் தெரியும். இதெல்லாம் கட்டுரைக்கு ஆகாது என்று நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

ஒரே ஒரு முறை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஊட்டிக்குப் போகவில்லை. இலவச பஸ் பாஸ் பிள்ளைகளைக் கண்டால் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்பது, ஓடி ஏறும்போது செருப்பு அறுந்தது, முதல் பாடவேளைக்குத் தாமதமாக வந்து திட்டு வாங்கியது என்று உடைந்த ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். திட்டியது நாங்கள்தான். கடைசியில் ஒரு கேள்வி: எங்கள் பாஸுக்கு அரசாங்கம் பணம் கட்டுகிறதே, பிறகு எங்களை ஏன் ஓசி டிக்கெட் என்கிறார்கள்? பக்கம் முழுக்கச் சிவப்புச் சுழி விழுந்தது. ஓரத்தில் ‘தலைப்புக்குத் தொடர்பில்லை’ என்று குறிப்பு எழுதி, பலகையில் இருந்ததைத் திரும்ப எழுதி வரச் சொன்னோம்.

தமிழ் வகுப்பில் நாங்களும் நன்னூல் படித்தவர்கள்தான். 13ஆம் நூற்றாண்டில் அதை எழுதிய பவணந்தி முனிவர், ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று வரிசைப்படுத்தி வைத்தார். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, தேவைக்கு மேல் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, பிழையான சொல்லைச் சேர்ப்பது, பொருள் தெளியாமல் மயங்க வைப்பது, வெற்றுச் சொற்களைத் தொடுப்பது, எடுத்த பொருளை விட்டு மற்றொன்றை விரிப்பது, போகப் போகத் தேய்ந்து முடிவது, சொற்கள் நின்றும் பயன் இல்லாமல் போவது. பத்தில் எங்கள் சிவப்பு மை கண்டுபிடித்தது ஐந்தாவதை மட்டும். பஸ் கட்டுரையில் இருந்தது அந்த ஐந்தாவது குற்றம் ஒன்றுதான். பலகையில் நாங்கள் எழுதிப் போட்ட ஊட்டிக் கட்டுரையில் ஐந்தாவதைத் தவிர அநேகமாக மற்ற எல்லாமே இருந்தன. அதற்குத்தான் முழு மதிப்பெண் கொடுத்தோம்.

எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது பற்றிய ஆங்கில உலகத்து விவாதங்களும் எங்கள் காதில் விழாமல் இல்லை. எழுதி முடித்த பொருளைத் திருத்துவதை விட்டுவிட்டு, எழுதும் போக்கைக் கற்றுக் கொடுங்கள் என்று அமெரிக்காவில் டொனால்ட் மரே 1972லேயே எழுதிவிட்டார். இரண்டாம் மொழியில் எழுதுபவரின் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் நன்மை இல்லை, கெடுதல்கூட உண்டு என்று ஜான் டிரஸ்காட் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். 1999இல் டேனா ஃபெரிஸ் அதை மறுத்து எழுத, வழக்கு நீண்டது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். மாலை நேரங்களையெல்லாம் சிவப்புப் பேனாவுக்குக் கொடுத்த நாங்கள், அந்த வேலையால் ஏதாவது பலன் உண்டா என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. பணியிடைப் பயிற்சியில் இதெல்லாம் பவர்பாயின்டில் ஓடியது. டீ குடித்தோம், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டோம், திரும்பி வந்து கைடைத் திறந்தோம்.

கதை, வருணனை விஷயத்திலாவது சோம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம். வாதக் கட்டுரை விஷயத்தில் நாங்கள் செய்தது அதைவிட மோசம். விவாதமே இல்லாத தலைப்புகளாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தோம். அறிவியல் வரமா சாபமா, கைபேசி நன்மையா தீமையா, தொலைக்காட்சி தேவையா. இரண்டு பத்தி நன்மை, இரண்டு பத்தி தீமை, முடிவில் ‘பயன்படுத்துவோர் கையில் இருக்கிறது’. இந்த முடிவை எந்தத் தலைப்புக்கு வேண்டுமானாலும் மாட்டலாம், மாட்டினோம். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சனிக்கிழமை பள்ளி வைக்கலாமா, மதிய உணவில் எதை மாற்ற வேண்டும், பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது நியாயமா என்று கேட்டிருந்தால் வாதம் வந்திருக்கும். அப்படிக் கேட்டிருந்தால் பதில் எங்கள் பக்கமும் திரும்பியிருக்கும். எங்கள் பள்ளிகளில் ஆசிரியர் சொன்னதற்கு இல்லை என்று சொல்லும் பையனை ‘எதிர்த்துப் பேசுகிறான்’ என்று சொல்லித்தான் பழக்கம். எதிர்த்துப் பேசவே கூடாது என்று வைத்துக்கொண்டு வாதக் கட்டுரையை எங்கிருந்து கற்றுத் தருவது?

இதற்கும் நன்னூலிலேயே வழி இருந்தது. ஒரு நூலாசிரியர் கொள்ளக்கூடிய நிலைகள் ஏழு என்று அது வகுக்கிறது. பிறர் சொன்னதை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். முதலில் பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு சென்று பிறகு அதைக் களையலாம். தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம். இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம். பிறர் நூலில் குற்றம் காட்டலாம். யார் கொள்கையோடும் சேராமல் தன் கொள்கையில் நிற்கலாம். இதில் மூன்றாவது இருக்கிறதே, எதிராளி சொல்வதில் நியாயம் உண்டு என்று முதலில் விட்டுக்கொடுத்து, அடுத்த அடியில் அதைத் தாண்டிப் போவது, அதைத்தான் இன்றைய ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி நூல்கள் அத்தியாயம் போட்டுச் சொல்லித் தருகின்றன. தமிழாசிரியர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகளிடமும் கேட்கவில்லை. ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் மைக்கைப் பிடித்து, எதிரணி சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டி, அதில் ஓட்டை எங்கே என்று விரலை வைத்து, கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்குவான். (பேச்சை எழுதிக் கொடுத்தது தமிழாசிரியராக இருக்கலாம், பதிலடி அவனுடையது.) மறுநாள் எங்கள் வகுப்பில் அவன் கைபேசியின் நன்மைகள் மூன்று, தீமைகள் மூன்று என்று எழுதுவான். நேற்று மேடையில் செய்ததை இன்று தாளில் செய் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. 2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறந்த பிறகு இன்னும் ஒரு படி போனோம். தமிழில் யோசித்துக் குறிப்பெடுப்பதே குற்றம் போல ஆக்கினோம். வாதம் முழுவதும் தமிழில் இருக்கும் பிள்ளைக்குத் தமிழை மூடிவிட்டால் மிச்சம் இருப்பது கைடுதான்.

கதைப் பக்கம் வந்தால் ‘ஹின்ட்ஸ்’. கோடு போட்ட குறிப்புகளை வாக்கியமாக்கினால் கதை. கடைசியில் நீதி எழுதினால் கூடுதல் மதிப்பெண். காகம், நரி, சிலந்தியைப் பார்த்துப் பாடம் கற்ற அரசர். குறிப்பில் இல்லாத ஒரு மழையைப் பிள்ளை சேர்த்திருந்தால் அந்த வரியை அடித்துவிட்டோம். எங்கள் மேசைகளில் தலைமுறைகளாக இருந்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தின் பெயரிலேயே இலக்கணத்தோடு காம்போசிஷனும் இருக்கிறது. முன்பாதி கிழிந்து தொங்கும், பின்பாதி புதிதாகவே இருக்கும். அதை எழுதிய பி.சி. ரென், பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையைப் பின்னணியாக வைத்து 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற நாவலை எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். கதை எழுதத் தெரிந்த மனிதரை நாங்கள் வினைச்சொல் அட்டவணைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஆர்.கே. நாராயண் 1945இல் வெளியிட்ட ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவலில், கிருஷ்ணன் என்ற ஆங்கில ஆசிரியர் தான் நடத்தும் படிப்பின் வெறுமை தாங்காமல் கல்லூரி வேலையை விட்டுவிட்டுச் சிறு குழந்தைகளோடு இருக்கப் போகிறார். எங்களில் பலர் எம்.ஏ.வில் அந்த நாவலைக்கூட நோட்ஸ் வாங்கித்தான் படித்தோம்.

மேலிருந்து மாற்றங்கள் வராமலும் இல்லை. 1979 தொடங்கி சில ஆண்டுகள் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என்.எஸ். பிரபு ஒரு சோதனை நடத்தினார். ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, பிள்ளை யோசித்து விடை காணும் போக்கிலேயே ஆங்கிலம் வரட்டும் என்பது அதன் நோக்கம். உலகம் முழுக்க அதைப் பேசினார்கள். எங்களுக்கு அது பி.எட். தேர்வில் சிறுவினா. படைப்பாற்றல் கல்வி என்று மன வரைபடம் வந்தது. ஒரு வரைபடத்தைப் பலகையில் போட்டு எல்லோரையும் பார்த்து வரையச் சொன்னோம். 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். பிள்ளை சொந்தமாகச் செய்வதற்கான இடம் அது. செய்யாததற்கெல்லாம் அந்த 40ஐப் போட்டு நிரப்பினோம். 2018-19இல் மேல்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் இரண்டு தாளிலிருந்து ஒரே தாளாகக் குறைந்தது. எங்களில் பெரும்பாலோருக்கு அது திருத்தும் சுமை குறைந்த செய்தி மட்டுமே.

விடைத்தாள் திருத்தும் முகாமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. முதன்மைத் தேர்வாளர் விடைக்குறிப்பை வாசித்துவிடுவார். சிறுவினாவுக்கு அது உதவும். கட்டுரைக்கு வந்தால் கண் நீளத்தை அளக்கும், அடிக்கோடு இருக்கிறதா என்று பார்க்கும், பேனா தானாக ஒரு நடுத்தர எண்ணைப் போடும். வந்த பத்தியே திரும்பத் திரும்ப வரும். வராமல் என்ன செய்யும்? அந்தப் பத்தியை எழுதியது நாங்கள்தானே. கைடு எழுதுபவர்களில் பலர் எங்கள் சக ஆசிரியர்கள். மெல்ல மலர்வோருக்கு என்று வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் சுற்றவிட்டவர்களும் நாங்களே. அதில் எல்லாக் கவிதைக்கும் பொருந்தும் ஒரு பத்தி இருக்கும். கவிஞர் பெயருக்கு ஒரு கோடிட்ட இடம், கவிதைத் தலைப்புக்கு ஒரு கோடிட்ட இடம். மற்றபடி கவிதை அருமை, சொற்கள் எளிமை, கருத்து ஆழம். அதைக் கொண்டு தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் உண்டு; அதை மறுக்க மாட்டோம். கடைசி நேரத்தில், மார்ச் மாதத்தில், தூக்கிவிடக் கொடுத்த அதே பத்தியை நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் ஜூலையிலேயே கொடுத்ததற்கு என்ன சாக்குச் சொல்வது?

எங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு ஆசிரியருக்கு நான்கு பிரிவு, பிரிவுக்கு 45 பேர் என்றால் 180 நோட்டு. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 15 மணி நேரம். அதற்கு மேல் கல்வித் துறையின் எமிஸ் இணையதளப் பதிவு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு. இந்த நியாயத்தைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் ஒன்றை மறைத்தோம். அந்த 15 மணி நேரத்தை நாங்கள் செலவழிக்கத்தான் செய்தோம், பார்த்து எழுதியதில் பிழை தேடுவதற்கு. அதே நேரத்தில் முப்பது நோட்டை உண்மையாகப் படித்திருக்கலாம். மீதியைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மாற்றிப் படித்திருப்பார்கள்.

கணக்குத் தீரும் இடம் வேறு. செவிலியர் படிப்பு முடித்து வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் எங்கள் பழைய மாணவி ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறாள். அதில் எழுத்துப் பகுதியின் இரண்டாவது வினா பெரும்பாலும் வாதக் கட்டுரை. குறைந்தது 250 சொல், சுமார் 40 நிமிடம். கேட்டதற்குப் பதில் சொன்னாளா, கருத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல். நான்குக்கும் ஒரே எடை. நாங்கள் பன்னிரண்டு வருடம் காவல் காத்த இலக்கணத்துக்குக் கால் பங்குதான். மற்ற முக்கால் பங்குக்கு அவள் பயிற்சி மையத்தில் பணம் கட்டுகிறாள். அங்கேயும் ஒரு பொதுப் பத்தியை மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுத்தால் அவளுக்கு வித்தியாசமாகத் தோன்றாது. பழக்கம் எங்களுடையது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் எழுதுவதில்லை. கட்டுரையாசிரியர்களான பேக்கனையும் லாம்பையும் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கிய எங்களில், சொந்தமாக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. விடுப்பு விண்ணப்பம் எழுதுவோம். பாடக்குறிப்பை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவோம். தலைப்பு கொடுத்துவிட்டு அதே தலைப்பில் பலகையில் தடுமாறித் தடுமாறி, அடித்துத் திருத்தி, பிள்ளைகள் பார்க்க எழுதிக் காட்டிய ஆசிரியர் எங்களில் யார்? பிழை வந்துவிடுமே என்ற பயம்தான். பிள்ளைக்கு நாங்கள் கொடுத்த பயம் அதுவேதான்.

எங்களில் சிலர் இப்போது ஒன்பதாம் வகுப்பில் மட்டும் வேறு மாதிரி நடத்திப் பார்க்கிறோம். தலைப்பைப் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். குறிப்பைத் தமிழில் எடுக்கலாம். முதல் வரைவில் சிவப்பு மை படுவதில்லை; ஓரத்தில் நீல மையில் ஒரு கேள்வி மட்டும் எழுதுகிறோம். ‘அப்புறம் என்ன ஆயிற்று’, ‘இதை உன் மாமா ஒப்புக்கொள்வாரா’ என்பது போல. அடுத்த வரைவில் ஏதாவது இரண்டு வகைப் பிழையைத் தொடுகிறோம், மற்றதை விடுகிறோம். கட்டுரைகள் அழகாக இல்லை. ஜல்லிக்கட்டு நடக்கும் ஊரிலிருந்து வரும் ஒருவன் அதற்கு எதிராக எழுதினான். அதே பெஞ்சில் இருப்பவன் மறுப்பு எழுதினான். இரண்டு பேர் ஆங்கிலமும் மோசம், இரண்டு வாதமும் பரவாயில்லை.

பெற்றோர் கூட்டத்தில் மறுப்பு எழுதிய பையனின் அப்பா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “என்ன மிஸ், இவ்வளவு தப்பு இருக்கு, ஒண்ணுகூடத் திருத்தலையே?” அவர் எங்களிடம் படித்தவர். அவர் நோட்டில் ஒரு பிழை விடாமல் சுழித்துக் கொடுத்தவர்கள் நாங்கள். அடுத்த கூட்டத்தில் மகன் எழுதியதைத் தமிழில் அவருக்குச் சொல்லிக் காட்டுவதாக இப்போதைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அதற்குள் ஆய்வு வருகிறதாம். பொருளடக்கம் நிரம்பிய நோட்டுகளைத் தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார்.